மாதிரி அறைக்கு வந்த குடித்தனம்

பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்காட்டுவதுதான் அவளுக்கு வேலை. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அலைகிற பெற்றோரையும், அவர்களுக்குப் பின்னால் செல்போனைத் தடவிக்கொண்டு வருகிற பிள்ளைகளையும் வாசலில் பிடித்து, நூலகம், ஆய்வகம், உணவுக்கூடம், விடுதி என்று நடத்திக்கொண்டு போய், கால் வலிக்கும் முன் திரும்ப வாசலில் கொண்டுவந்து விடவேண்டும். துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவள் 'வழிகாட்டி அக்கா'.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் தயாராகிவிடும்.

"சாப்பாடு எப்படிங்க?"

"லீவு விட்டாக்கூட பிள்ளைங்க வீட்டுக்குப் போக மாட்டேங்குதுங்க. பெத்தவங்கதான் பாவம்!"

"இன்டர்நெட் வருமா?"

"மரத்தடியில உக்காந்தாலே வரும்." உண்மைதான். மரத்தடியில் மட்டும்தான் வரும்.

ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்பதற்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. தகப்பன் கேட்டால் ஒன்று, பிள்ளை கேட்டால் வேறொன்று. இருவரும் சேர்ந்து நின்று கேட்டால், "அந்தச் செடியைப் பாத்தீங்களா, என்னமா பூத்திருக்கு!" என்பாள். இதெல்லாம் பொய்யில் சேர்த்தி இல்லை என்பது அவள் கட்சி. இல்லாததை அவள் சொன்னதே கிடையாது. இருப்பதில் நல்லதாக நாலு பொறுக்கிச் சொல்வாள், அவ்வளவுதான்.

ஊர்வலம் கடைசியில் போய் நிற்கும் இடம், பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்திலிருந்த மாதிரி அறை. ஒற்றைக் கட்டில், மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு, கழுத்து வளைந்த மேசைவிளக்கு, ஜன்னல் ஓரம் ஒரு பூந்தொட்டி. அதில் யாரும் குடியிருந்ததில்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக இருந்தது. பிள்ளைகள் குடியிருந்த அசல் அறைகள் மாடியில் இருந்தன. அறைக்கு நாலு கட்டில், நடுவில் ஒருக்களித்து நடக்க இடம். மாடிப்படிக்குக் குறுக்கே எப்போதும் ஒரு கயிறு கட்டியிருக்கும்.

மகளுக்கும் கல்லூரி வயது வந்தபோது, அவள் வேறு ஊரில் போய்ப் படிக்கிறேன் என்றாள். அக்கா விடுவாளா? வீட்டுச் சமையலறையிலேயே வைத்து மொத்தச் சுற்றையும் நடத்தி முடித்து, மகளை இங்கேயே சேர்த்துவிட்டாள். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும், படிக்கிற பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கி வழியும் என்று விடுதிக்கும் எழுதிப் போட்டாள். ஆனால் அந்த வருஷம் ஊரார் பிள்ளைகளிடமும் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள் போலிருக்கிறது. சேர்ந்தவர்கள் கட்டில்களுக்கு மிஞ்சிப் போனார்கள்.

சேர்க்கை அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, ஒரே ஒரு கட்டில் குறையுது. உங்க பொண்ணை மாதிரி அறையில போட்டுடலாமா? ராணி மாதிரி இருப்பா."

"அங்கதான் தினமும் குழு வருமே சார்?"

"வரட்டுமே! வெறும் அறையைக் காட்டறதுக்குப் பதிலா உயிரோட ஒரு மாணவியைக் காட்டினா எப்படி இருக்கும்!"

மகளுக்குத் தனி அறை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் ஒரு குழு, மத்தியானம் ஒரு குழு. அந்த நேரங்களில் மகள் மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டிலில் படுக்கக்கூடாது, விரிப்பு கசங்கும். ஈரத்துணி கண்ணில் படக்கூடாது. அக்கா சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு, "இதுதான் நம்ம பிள்ளைங்க தங்கற அறை" என்று பின்னாலேயே இருபது பேரோடு நுழைவாள். ஒரு தகப்பனார் அலமாரியைத் திறந்து ஆழம் பார்த்தார். ஒரு பெண்மணி மெத்தையை அமுக்கிப் பார்த்த கையோடு மகள் தோளையும் அமுக்கினாள்.

"அம்மா, 'தீனி போடாதீர்கள்'னு ஒரு போர்டு மாட்டிடேன்," என்றாள் மகள், ஒருநாள் குழு வெளியேறும்போது.

"ஷ்! கேக்கப் போகுது. கொஞ்சம் சிரிச்ச முகமா இருடி."

அன்றைக்கு வந்த குழுவோடு சேர்க்கை அதிகாரியும் வந்திருந்தார். வந்தவர்களில் ஒரு தாய்க்காரி அக்காவை ஓரங்கட்டிவிட்டு நேராக மகளிடம் போனாள்.

"நீ சொல்லும்மா. இங்க இருக்கறது எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு, நானும் பொம்பளப் பிள்ளை பெத்தவ."

மகள் வாய் சாமான்ய வாய் அல்ல. இன்றோடு வேலைக்கு வந்தது ஆபத்து என்று அக்கா நினைத்தாள்.

மகள் புத்தகத்தை மூடிவிட்டு, தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தாள். "லீவு விட்டாக்கூட நாங்க வீட்டுக்குப் போறதில்ல ஆன்ட்டி. பெத்தவங்கதான் பாவம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி கைதட்டாத குறை. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த இழுப்பும் அந்தத் தலைச்சாய்ப்பும் அவளுடையவை. எதை மறைக்கும்போது அவை வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

குழுவை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். சாவியை எடுக்காமல் கதவைத் தட்டினாள்.

"யாரு? இன்னொரு குழுவா?"

"நான்தான்டி. தனியாத்தான் வந்திருக்கேன்."

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விரிப்பு கசங்கியது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் பதில் சொல்லியே பழகிவிட்டது.

"சாப்பாடு எப்படிடி இருக்கு?"

"நிஜமாக் கேக்கறியா, குழுவுக்காகவா?"

"நிஜமா."

"சுமார்தான். அதை விடு. மாடியில நாலு நாலு பேரா அடிச்சுக்கறாங்க, கத்தறாங்க, சிரிக்கறாங்க. நான் கயித்தைத் தாண்டிப் போனா, 'கண்காட்சி வந்தாச்சு'ன்னு கப்சிப். சொன்னதெல்லாம் உன் காதுக்குப் போயிடுமாம். ஒரு மாசமா எங்கூட யாரும் பேசலம்மா. இந்த வாரம் பாப்பேன். அப்புறம் படிப்பே வேணாம்னு மூட்டையைக் கட்டிடுவேன்."

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ எப்பவும் இருபது பேரோடதானேம்மா வர்ற?"

அக்கா எழுந்து நேரே சேர்க்கை அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், எம்பொண்ணுக்கு மாடியில ஒரு கட்டில் போடணும்."

"மாடியிலயா? அங்க நிக்கவே இடம் இல்லையே! தனி அறையை விட்டுட்டு அங்க போக அப்படி என்ன இருக்கு?"

"ஆளு இருக்கு சார்."

"நல்லா இருக்கே! மத்தியானக் குழுவுக்கு மறுபடி வெறும் அறையையா காட்டுவீங்க?"

"மாடியைக் காட்டறேன் சார்."

அதிகாரி தண்ணீர் குடித்தார். இன்னொரு தரம் குடித்தார். அக்கா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் அவர் விடுதிக் காப்பாளரைப் போனில் கூப்பிட்டு, "ஐந்தாவதா ஒண்ணு நுழையுமான்னு பாருங்க," என்றார்.

நுழைந்தது. கதவுதான் பாதிக்கு மேல் திறக்காது.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதே அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் வாளிகள் உருளும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், ஏகக் கூச்சல்.

"என்னடி, சண்டையா அங்க?"

"குளிக்க வரிசைம்மா. நடுவுல ஒருத்தி நுழைஞ்சுட்டா, விடுவோமா? அப்புறம் பேசறேன், போனை வை!"

அக்கா வைத்தாள்.