கட்டியின் ஜாதகம்

கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பள்ளியொன்றில் சத்துணவு சமைப்பவள் என் அம்மா சரசு. நூற்றிருபது பிள்ளைகளுக்கான சாம்பாரில் உப்பு போதுமா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவாள். போன தை மாதம் அவள் மார்பிலிருந்த புற்றுக்கட்டியைத் திருவண்ணாமலையில் அறுவை செய்து எடுத்தார்கள். காயம் ஆறி வரும்போது டாக்டர் சுருதி இன்னொரு பரிசோதனை பற்றி என்னிடம் சொன்னார். கீமோ வேண்டுமா, மாத்திரையே போதுமா என்று முடிவெடுக்க அது உதவுமாம். கீமோ என்றால் அம்மா மாதக்கணக்கில் பள்ளிப் பக்கம் போக முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது, "அது இன்னா டெஸ்டுடா?" என்றாள்.

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நல்ல தமிழில் சொல்ல வேண்டாமா? "மரபணுப் பரிசோதனைமா" என்றேன்.

ஊர் வந்தது. இறங்கியதும், "அது வேணாம்டா" என்றாள்.

"ஏம்மா?"

"மரபுன்னா பரம்பரைதானே? உன் தங்கச்சிக்கு இப்பத்தான் ஒரு எடம் தகைஞ்சு வருது. பரம்பரை நோவுன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா சிந்துஜாவ யாரு கட்டுவான்? நான் கீமோவே போட்டுக்கறேன். முடி கொட்டினா மொளைச்சுக்கும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ படிச்சவன், அழகாத்தான் பேசுவ" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் காயத்தைக் காட்டப் போனபோது அம்மாவின் பயத்தை டாக்டரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"பரம்பரையா வருதான்னு பாக்கற டெஸ்ட் வேறங்க. இதுல உங்க கட்டிய மட்டுந்தான் பாப்பாங்க. எடுத்து வச்சதுல ஒரு துண்ட அனுப்புவோம். அது திரும்பி வர்ற குணமா, கீமோ போட்டா பலன் இருக்குமான்னு சொல்லுவாங்க. பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கட்டியோட ஜாதகத்தப் பாக்கறாங்கன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பேனே. மரபணுவாம்!"

"தம்பி சொன்னதும் தப்பில்லங்க. கட்டியோட மரபணுவத்தான் பாக்கறாங்க" என்றார் டாக்டர்.

"நீங்களும் அவனுக்கே சப்போர்ட்டாம்மா? எங்க கையெழுத்து போடணும், சொல்லுங்க."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பள்ளிக்கு ஓடினேன். அண்டா தூக்கக் கூடாதென்பதால் அம்மா முக்காலியில் உட்கார்ந்து உதவியாளரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்டிக்கும் கீமோவுக்கும் பொருத்தம் உண்டாடா?"

"இல்லமா. கீமோவால உனக்குப் பெருசா பலன் இல்லையாம். மாத்திரையே போதும்னுட்டாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சிந்துஜாவுக்கு நாலு ஜாதகம் பொருந்தலன்னப்போ அழுதேன். இது பொருந்தலன்னா சிரிப்பு வருது பாரு."

பிறகு அண்டா பக்கம் மூக்கைத் திருப்பி, "உப்பு கம்மி" என்றாள்.