எங்கள் வீடு துக்க வீடு இல்லை

கதவைச் சாத்திக்கொண்டு பாடியதுதான் நாங்கள் செய்த தப்பு.

ஜப்பான்காரன் காலம். பினாங்கில் நாலு பேர் ஒரு வீட்டுக்குள் கூடினாலே ஏன், எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக வருஷா வருஷம் எங்கள் வீட்டில்தான் கூடும். அந்த வருஷமும் கூடியது. ஆனால் பயம். ஜன்னலை அடைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, தொண்டையைத் தாழ்த்திப் பாடினார்கள். விரியத் திறந்து வைத்துப் பாடியிருந்தால், வேதக்காரன் வீடு, கத்துகிறான் என்று தெரு தன் வேலையைப் பார்த்திருக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் ஆம்பளைக் குரல்கள் கேட்கவும் யாரோ ஒரு புண்ணியவான் போய் வத்தி வைத்துவிட்டான். உள்ளே திருட்டுத்தனமாக வெள்ளைக்காரன் ரேடியோ கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் ஏது ரேடியோ? பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதிலும் பாதிக் கட்டைகள் ஊமை.

ராணுவப் போலீஸ் வந்து ஆண்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. மற்றவர்களை அடித்து, விசாரித்து, கொஞ்ச நாளில் விட்டார்கள். அப்பாவை விடவில்லை. வீட்டுக்காரர் அவர்தானே. துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர், குனிந்த தலை நிமிராமல் எழுதுகிற மனிதர், அவர் போய் உளவு பார்த்தாராம். ஊருக்குள்ளேயே இருக்கிற பெரிய சிறையில் போட்டார்கள். அம்மா மாற்றுத் துணியும் மரவள்ளிக்கிழங்கு ரொட்டியும் கட்டிக்கொண்டு போவார். வாசலில் நிற்பவன் மூட்டையை வாங்கிக்கொள்வான். உள்ளே போகிறதா, அவன் வயிற்றுக்குள் போகிறதா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் கிடையாது.

டிசம்பர் பிறந்த பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. குழுவில் கடைசியாக வெளியே வந்த ஒருவர், அப்பா ரத்தம் ரத்தமாக இருமியதையும், ரெண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனதையும், அதற்கப்புறம் அந்த அறைக்கு அவர் திரும்பி வராததையும் சொன்னார். அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் என் அத்தையிடம் சொன்னார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அக்கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருந்தார். செய்தி கேட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு படகேறி வந்தார். வந்தவர் கையில் அம்மாவுக்கு ஒரு வெள்ளைப் புடவை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது. பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணி உடுத்துவதில்லை. வீடு வீடாகப் பாட்டுப் பாடி வருகிற கேரல் கூட்டம்கூட அந்த வாசலை வாய் திறக்காமல் கடந்து போகும். அத்தை அதைத்தான் சொன்னார். இது துக்க வீடு, முறையாகத் துக்கம் காக்க வேண்டும் என்றார். அதோடு நில்லாமல் போதகரிடமும் போய், கிறிஸ்துமஸ் ஆராதனையில் இறந்தவர்களை நினைத்து ஜெபிக்கும்போது தன் தம்பியின் பெயரையும் வாசிக்கச் சொல்லிவிட்டு வந்தார். அத்தையைக் குறை சொல்லி என்ன பண்ண? அடக்கம் பண்ண உடல்கூடக் கிடைக்காத தம்பிக்கு ஒரு ஜெபமாவது கிடைக்கட்டும் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அம்மா அந்தப் புடவையை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். "செத்தாருன்னு யாரும் பார்க்கல அண்ணி. நீங்க அழுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா எங்க வீடு துக்க வீடு இல்ல" என்றார்.

அத்தைக்கு வந்ததே கோபம். புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் காலையில் கோயிலில் பார்த்துக்கொள்கிறேன் என்று படகேறிப் போனார்.

நானோ அப்போது ஆண்டவரோடு டூ விட்டிருந்தேன். பதினைந்து வயது, வாய் காது வரைக்கும். அவருக்குப் பாட்டுப் பழகப் போய்த்தானே அப்பா மாட்டினார்? அவருக்குக் கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா? ஜெபம் பண்ண முழங்கால் போடுவேன், கண்ணை மூடமாட்டேன். பாடவே மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். அம்மா திட்டவில்லை. "கோபம் இருந்தா அவர்கிட்டயே சொல்லு. எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்" என்று கிழங்கு சீவப் போய்விட்டார்.

கேரல் போக அனுமதி வாங்க போதகர் ஜப்பான்காரன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். எத்தனை தடவை இடுப்பை வளைத்தாரோ, கடைசியில் கிடைத்தது. பகலில் மட்டும், கதவுகள் திறந்திருக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்கள் தயங்கினார்கள். லாரியில் போய் வந்த முதுகு அல்லவா? அம்மா போதகரிடம் போனார். அதுவரை பாடகர் குழுவுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்ததைத் தவிர அம்மாவுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. தானும் வருவதாகச் சொன்னார். கடைசி வீடாகத் தையல்கார அம்மாள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எங்கள் சபையைச் சேர்ந்த அந்த அம்மாளின் வீட்டு வாசலில் நின்றால், தெருவுக்கு அந்தப் பக்கம் சிறைச் சுவர்.

போதகருக்குப் புரிந்துவிட்டது. துக்க வீட்டுக்காரர்கள் கேரல் வருவதில்லையே என்று மெல்ல இழுத்தார். அதனால்தான் வருகிறேன் என்றார் அம்மா.

கிளம்புவதற்கு முன் அம்மா என்னை உட்காரவைத்து ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அப்பாவைக் கொண்டு வந்துவிடும் என்று கேட்பார், பேரம் பேசுவார் என்று நினைத்தேன். அம்மா, "இருந்தாலும் இல்லாட்டியும் அவர் உம்ம கையிலதான்யா இருக்காரு. எனக்கு அது போதும். ஆனா எனக்குத் தெரியணும்" என்றார். அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அந்த முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு சமாதானம் எங்கிருந்து வரும்? எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கும் அது வேண்டும் போல் இருந்தது. சரி, பாடித் தொலைக்கிறேன் என்று எழுந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்த காலம் அது. மணி சாயங்காலம் என்று சொன்னது, வெயில் மண்டையைப் பிளந்தது. பெண்களும் பிள்ளைகளும், துணிந்து வந்த சில ஆண்களுமாகத் தெருத்தெருவாய் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாட்டு. கடைசிக் கண்ணியில் வீட்டுக்காரர்களும் வெளியே வந்து சேர்ந்து பாடவேண்டும், அதுதான் எங்கள் முறை. வழக்கமாகக் கேக்கும் ஒயினும் வரும். அந்த வருஷம் கிழங்கு மாவில் சுட்ட அதிரசமும் கொதிக்கவைத்த தண்ணீரும் வந்தன. அந்த அதிரசத்தைக் கடித்துப் பல் தப்பியது கர்த்தர் கிருபை.

தையல்கார அம்மாள் கதவை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வீட்டுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றோம், எல்லாரும் வீட்டைப் பார்த்து. அம்மா மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒன்றும் சொல்லாமல் நானும் திரும்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் திரும்பிவிட்டார்கள். எதிரே அந்த உயரமான சுவர்.

இங்கிலீஷ் மெட்டில் பாடுகிற பெத்லகேம் பாட்டைத்தான் எடுத்தோம். முதல் கண்ணி நடுங்கிக்கொண்டே போனது. சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. ரெண்டாவது கண்ணியில் என் குரல் எப்படியோ மேலே ஏறிவிட்டது. கோபமெல்லாம் சேர்ந்து கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். அப்போது முனையிலிருந்து காவல் சிப்பாய் ஒருத்தன் துப்பாக்கியோடு எங்களை நோக்கி வந்தான்.

ஜப்பான் சிப்பாயைக் கண்டால் குனிய வேண்டும், குனியாவிட்டால் அறை. எல்லாரும் இடுப்பு வளையக் குனிந்தோம். பாட்டு நின்றுபோனது. அவன் ஏதோ அதட்டினான். போதகர் குனிந்தபடியே, போய்விடுவோம் என்று முணுமுணுத்தார்.

"கடைசிக் கண்ணி பாக்கி இருக்குலா" என்றார் அம்மா.

குனிந்தபடியே ஆரம்பித்தும் விட்டார். சுருதியாவது தாளமாவது! தகரத்தைக் கல்லில் இழுத்தது மாதிரி ஒரு குரல். அதைச் சரி பண்ணவாவது நாங்கள் பாடவேண்டியதாயிற்று. தலை தரையைப் பார்க்க, கை தொடையில் ஒட்டியிருக்க, சபை முழுவதும் சிமெண்டுத் தரையைப் பார்த்து இரட்சகர் பிறந்த செய்தியைப் பாடியது. சிப்பாயின் பூட்ஸ் எங்கள் முன்னால் நகராமல் நின்றது. இது அவனுக்குச் செய்கிற மரியாதைப் பாட்டு என்று நினைத்தானோ என்னவோ, தடுக்கவில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. மெலிசாக, ராகம் மட்டும். அப்புறம் இன்னொன்று. வேறு பாஷை, சீனமோ ஆங்கிலமோ, ஆனால் அதே மெட்டு. யார் யாரோ பாடுகிறார்கள். அப்பா?

அந்தப் பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் எல்லாக் குரலும் ஒரு மூச்சு நின்று, சேர்ந்து தொடங்கவேண்டும். அப்பாவுக்கு அந்த மூச்சு நிற்கத் தெரியாது. வருஷா வருஷம் முந்திக்கொண்டு அடித்தொண்டையில் விழுவார், பாட்டு வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார், அடுத்த வருஷமும் விழுவார். நாங்கள் மூச்சை நிறுத்தினோம். அந்த இடைவெளிக்குள் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு கனத்த குரல், இருமலும் கரகரப்புமாக, தன்னந்தனியாக முந்திக்கொண்டு வந்து விழுந்தது.

நிமிரக்கூடாது. அழக்கூடாது. அம்மாவின் கை வந்து என் கையைப் பிடித்தது. பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். கடைசி வரியை நான் பாடினேனா, சிரித்தேனா, எனக்குத் தெரியாது. இவ்வளவு சந்தோஷத்தை ஒரு நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு குனிந்து நிற்க முடியுமா என்று மட்டும் நினைத்தேன். ஆண்டவரோடு விட்ட டூ எப்போது பழம் ஆனது என்றே தெரியவில்லை. முன்னால் கிடந்த எச்சில் துப்பிய சிமெண்டுத் தரைகூட எனக்கு அப்போது அழகாக இருந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகுதான் அப்பா வெளியே வந்தார். கேட்டால் சிரிப்பார். நோயாளிக் கொட்டடியில் கிடந்தாராம். முதலில் என் கீச்சுக் குரல் கேட்டதாம், கனவு என்று நினைத்தாராம். அப்புறம் அம்மா பாடியது கேட்டதாம். இவ்வளவு மோசமாகக் கனவில் யாரும் பாடமாட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்தாராம்.

ஆனால் அதெல்லாம் பின்னால். பாட்டு முடிந்ததும் சிப்பாய் கையை வீசி எங்களை விரட்டிவிட்டான். நடந்ததை வெளியே பேசக்கூடாது என்று போதகர் அன்றைக்கே எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பேச்சு வெளியே போனால் உள்ளே இருப்பவர்களைத்தான் வதைப்பார்கள். பாடியவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டோம்.

கிறிஸ்துமஸ் காலை. அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய அரக்குப் பட்டை எடுத்துக் கட்டினார். பின்பக்கத்துப் பந்தலில் பூத்த மல்லிகையைத் தொடுத்துக் கொண்டையில் வைத்தார். ஆராதனை தொடங்கிய பிறகுதான் அத்தை படகு பிடித்து வந்து சேர்ந்தார். வெள்ளைப் புடவை, சிவந்த கண். பின் பெஞ்சில் உட்கார்ந்தவரின் கண் அம்மாவின் பட்டில் விழுந்தது. அந்தப் பார்வைக்குத் தேவாலயமே பற்றி எரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் அவர் காதில் சொல்ல எனக்கு மனம் துடித்தது. ஆனால் நாலாபக்கமும் ஆட்கள். இன்னார்தான் வத்தி வைத்தான் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

போதகர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். அப்பாவின் பெயரை வாசிக்கவில்லை. பின்னாலிருந்து அத்தை விம்முவது கேட்டது. கடைசி மரியாதையும் தன் தம்பிக்கு மறுக்கப்பட்டது என்று நினைத்துவிட்டார் பாவம். அடுத்து, யாருக்காவது சாட்சி சொல்ல இருக்கிறதா என்று போதகர் கேட்டார். நன்றி சொல்ல விரும்புகிறவர் எழுந்து நின்று சொல்லவேண்டும். சபையில் ஒருநாளும் வாய் திறந்திராத அம்மா எழுந்தார்.

"எங்க வீட்ல எல்லாரும் சுகமா இருக்கோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

ஒரே வரி. அது முடிந்தால் உட்காரவேண்டும். அம்மா உட்காரவில்லை. பின் பெஞ்சைப் பார்த்து முழுக்கத் திரும்பினார்.

"எல்லாரும்னா எல்லாருந்தான் அண்ணி."

அத்தை அம்மாவைப் பார்த்தார். போதகரைப் பார்த்தார். போதகர் தலையை ஆட்டினார். முந்தின நாள் பாடிய எங்கள் முகங்களை எல்லாம் அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு முகமாவது அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் இருந்திருக்கும். அத்தை எழுந்தார். ஆராதனை நடுவில், நடுப்பாதையில், அந்த வெள்ளைப் புடவையோடு விறுவிறு என்று நடந்து வந்தார். அம்மாவின் கொண்டையிலிருந்த மல்லிகையில் பாதியைப் பிய்த்துத் தன் தலையில் செருகிக்கொண்டார்.

அடுத்த பாட்டு எது என்று போதகர் சொல்லவே இல்லை. அதற்குள் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்.