ஒலீட்டா பட்டி பார்த்த சுவர்

லூசியானாவில் யூனிஸ் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையல்காரி ஒலீட்டாவின் வீட்டில், அந்த ஜனவரிக் குளிரில் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. முன்னறையின் ஜிப்சம் பலகைச் சுவர் நனைத்த ரொட்டியாய் ஊறிப்போனது. கணவனோ கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில். கொழுந்தன் க்ளோவிஸ் முப்பது வருஷமாகச் சுவர் வேலை பார்ப்பவன். தன்னை விட்டால் ஊரில் ஆளில்லை என்பது அவனுடைய சொந்தக் கருத்து.

"மார்டி கிரா திருவிழா முடியட்டும் அண்ணி, வந்து மாத்தித் தர்றேன்."

"விருந்தே இந்த ரூம்லதான் தம்பி. நானே மாத்திக்கிறேன்."

க்ளோவிஸ் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "கம்போ குழம்பு கிண்டுற கையா? வெளக்கைச் சுவத்தோரமா வச்சுப் பாப்பேன். மேடுபள்ளம் நெழலாத் தெரிஞ்சா, உங்க அம்மாவோட இரும்புச் சட்டி என் பொண்டாட்டிக்கு!"

"தெரியலேன்னா விருந்துப் பாத்திரம் மொத்தமும் நீதான் கழுவணும்."

வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அம்மா விட்டுப்போனது அந்த ஒரு சட்டிதான்.

ஈரப் பலகையைக் கீறிப் பிய்த்தாள். குழாய்க்காரர் வந்து வெடித்த குழாயை மாற்றிப் போனார். உள்ளே மரச்சட்டங்கள் காயப் பத்து நாள் மின்விசிறி ஓடியது. புதுப் பலகையை அளந்து வெட்டித் திருகினாள். இணைப்பில் காகிதப் பட்டை ஒட்டிப் பட்டி பார்த்தபோதுதான் வந்தது வினை. ஒரே பூச்சில் முடிக்கும் ஆசையில் அப்பியது, மறுநாள் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த நாள் பள்ளியில், நானூறு பிள்ளைகளுக்கான திருவிழா கேக்கில் சர்க்கரைப் பூச்சு தடவும்போது கை சட்டென்று நின்றது. இருபது வருஷமாகச் செய்வது இதே வேலைதானே! முதல் பூச்சு மெலிசாக. அது காய்ந்தபின் அடுத்தது. தடவும் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சுரண்டினாள். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. உப்புத்தாள் தேய்த்து, வெள்ளையடித்தாள்.

விருந்தன்று வீடு கொள்ளாத சொந்தம். க்ளோவிஸ் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நகர்ந்தான். மேலே, கீழே, மறுபடி மேலே. ஒரு நிழல் இல்லை. மூலை திரும்பியதும் அடுத்த சுவரில் வெளிச்சம் விழுந்தது. அங்கே அலை அலையாக நிழல்.

"அது யாரு போட்ட சொவரு தம்பி?" என்றாள் ஒலீட்டா.

எட்டு வருஷம் முன்பு அதைப் போட்டவன் அவனே. வீடு அதிரச் சிரித்தது. ஒலீட்டாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும், முதல் பாத்திரமாக அம்மாவின் சட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"சோப்புப் போட்றாதப்பா. இரும்பு. பாத்துத் தேய்."