கவசத்துக்காகச் செதுக்கிய சாமி

என் வேலை கல் நொறுக்குவது. அதைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் செய்வதால் எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கு நான் விஞ்ஞானி. உண்மையான விஞ்ஞானிகள் தென்துருவத்துக்குப் போய், பென்குவின்களோடு படம் எடுத்துக்கொண்டு, பாறைத் துண்டுகளோடு திரும்புவார்கள். அவற்றை நொறுக்கிச் சலித்து, அமிலத்தில் கழுவி, குவார்ட்ஸ் மணிகளைப் பிரித்துக் கொடுப்பது நான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் திறந்து கிடக்கும் பாறையில் பட்டுப் பட்டு, அந்த மணிகளுக்குள் பெரிலியம்-10 என்ற அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். தடித்த பனி மூடியிருந்தால் சேராது. சேர்ந்ததை அளந்தால், பனி விலகி எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பாறை வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது என்று சொல்லலாம்.

இதை ஒரு கல்யாணப் பந்தியில் உளறியது என் தப்பு. பக்கத்து இலையில் இருந்தவர் எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயில் தலைவர். புக்கிட் செலம்பாவ் பக்கம் இருந்த அந்தத் தோட்டம் அப்போதுதான் வீடமைப்புக் கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தது. கோயிலைக் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நம் சாமிகளுக்கென்றே நாற்றம் பிடிக்கும் என்று யாரோ கம்பெனிக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் முனி ஒரு கருங்கல் பாறை. ஆள் உயரம் இருக்கும்.

"தங்கச்சி, நம்ம சாமிக்கு வயசு பாத்து ஒரு சூராட் எழுதிக் குடுத்துரு. ஐயாயிரம் வருஷம் போதும்லா. பேராசை வேணாம்" என்றார் தலைவர்.

"அண்ணே, கல்லு எப்போலேர்ந்து வெளியில கிடக்குதுன்னுதான் பாக்கலாம். நம்மாளுங்க எப்போலேர்ந்து கும்புடறாங்கன்னு கல்லு சொல்லாது. துருவத்துல கல்லு தேயாது. இங்க பெய்யற மழைக்கு அந்தக் கணக்கும் தப்பும்."

"அதெல்லாம் லேண்ட் ஆபீஸ்காரனுக்குத் தெரியவா போவுது? நீ வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாதிரி எடுக்க அல்ல, தலைவர் வாயை அடைக்க. போனால் எனக்கு வாய் அடைத்துப்போனது. முனி பாதியாகியிருந்தார்.

ஒரு பக்தர் தமிழ்நாட்டில் பித்தளைக் கவசம் செய்து அனுப்பியிருக்கிறார். சாமியை அளக்காமல், படத்தைப் பார்த்துச் செய்தது. வந்த கவசம் சின்னது. திருப்பி அனுப்பினால் பக்தர் மனம் கோணும். அதனால் கமிட்டி கூடி, தீர்மானம் போட்டு, டைல் போடும் ஆளைக் கூப்பிட்டு, உளியும் கிரைண்டருமாகச் சாமியின் தலையிலும் தோளிலும் ஒரு சாண் ஆழத்துக்குக் குறைத்துவிட்டார்கள். வானத்தைப் பார்த்துக் கிடந்த தோல் முழுக்கப் போயிருந்தது.

தலைவர் ஒரு மைலோ டின்னை நீட்டினார். உள்ளே கல்பொடி, சிமெண்டு, ரெண்டு சிகரெட் துண்டு.

"பொடியாவே அள்ளி வச்சிருக்கோம். உனக்கு அரைக்கிற வேலை மிச்சம்லா!"

"அண்ணே, சாமிக்குச் சட்டை பத்தலன்னா தோள வெட்டுவீங்களா?"

"கவசம் எம்புட்டு அழகா உக்காந்திருக்கு, அதப் பாக்க மாட்டியே."

கடிதம் தரமாட்டேன் என்றேன். கோயில் போனால் உன்னால்தான் என்றார்கள். நான் கம்பெனியிடம் கைநீட்டிவிட்டதாகப் பேச்சு பாசார் மீன்கடை வரைக்கும் போனது.

லேண்ட் ஆபீஸ் விசாரணைக்கு அந்தக் கோபத்தோடே போனேன். தலைவர் தென்துருவத்தில் ஆரம்பித்து மலாயில் கால்மணி நேரம் முழங்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: தோட்டம் கைமாறுவதற்கு முன்பே இங்கே பூசை நடந்ததற்குத் தாள் ஏதாவது இருக்கிறதா?

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு வாரம் தவணை கிடைத்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "அண்ணே, வருஷா வருஷம் ரதம் இழுக்க போலீஸ் பெர்மிட் எடுப்பீங்களே. முத்திரச் சாப்பு அடிச்சு, தேதி போட்டுக் குடுப்பானே. அதெல்லாம் எங்க?"

"பழசெல்லாம் ஸ்டோர்ல மூட்டையா கெடக்கு. போன வாரந்தான் குப்பைன்னு எரிக்கச் சொன்னேன்."

"எரிச்சாச்சா?"

அறுபத்தெட்டு வயது மனுஷன், ஹெல்மெட்டைக்கூட மாட்டாமல் மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.