சமையல் இணைப்பின் ஓரம்

கிருஷ்ணராஜுக்கு நாக்கு நீளம். சாப்பாட்டிலும் சரி, பேச்சிலும் சரி. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்ல மண்டியில் குமாஸ்தா. மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து உட்காருவார். முதல் வாயிலேயே அவர் அம்மா வைத்த குழம்பின் ருசி தெரியவேண்டும். தெரியாவிட்டால் தட்டை இடக்கையால் சுவரோரம் தள்ளிவிட்டு ஓட்டலுக்குக் கிளம்பிவிடுவார். பெண்டாட்டிமேல் கை நீட்டியதில்லை. அதனால் அவர் ஊரான ஹனூர்ச் சொந்தபந்தத்தில் தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு வயிறு எரியும்.

அந்தியூரில் எட்டாவது வரை படித்தவள் அவள். மைசூருக்கு வாழ வந்து முப்பது வருஷத்தில் கன்னடம் காதுக்குப் பழகியது, கண்ணுக்குப் பழகவில்லை. தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனால் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையும் வாங்கி வருவாள். கதைக்காக அல்ல, நடுவில் வைத்துத் தரும் சமையல் இணைப்புக்காக. அதில் ஒன்றையும் அவள் செய்ததில்லை. செய்தால் தட்டு சுவரோரம் போகும், வேறென்ன?

கிருஷ்ணராஜ் போனபிறகு பஞ்சவர்ணமும் மகளும் சாப்பிட உட்காருவார்கள். தட்டில் களியும் கீரைச் சாறும்தான். அவள் இணைப்பை மடியில் விரித்துச் சத்தமாகப் படிப்பாள்.

"முந்திரி அம்பது, பாதாம் அம்பது, நெய் ஒரு கப்பு."

"அய்யோ அம்மா, இது யாரு வீட்டுல?" என்று சின்ன வைஷாலி வாயில் களியோடு சிரிப்பாள்.

"நம்ம வீட்டுலதான் கண்ணு. முழுங்கு."

அந்த அரைமணி நேரம்தான் அவள் சாப்பாடு.

மகள் விளையாடப் போனதும் பேனாவை எடுப்பாள். சமையல் குறிப்பின் ஓரத்தில், வாயால் யாரிடமும் சொல்லமுடியாததை எழுதுவாள். வெண்டைக்காய் மண்டிக் குழம்புக் குறிப்பின் ஓரத்தில், 'இன்று தட்டைத் தள்ளினார். பாப்பா பார்த்துவிட்டாள்.' பால் கொழுக்கட்டைப் பக்கத்தில், 'என் அம்மா செத்ததற்கு மூன்று நாள்தான் ஊருக்கு அனுப்பினார். நாலாம் நாள் களி குழைந்துவிட்டது என்று எழுந்து போனார். நான் மனுஷியா, அடுப்பா?'

வைஷாலிக்குக் கல்யாணம் முடிவானதும் எல்லா இணைப்பையும் அக்ரஹாரத்தில் ஒரு கடையில் கொடுத்து ஒன்றாக பைண்டு செய்து மகள் கையில் கொடுத்தாள். "பொறுமையாப் படி கண்ணு. ஓரத்துல எழுதியிருக்கறதையும் படி." தான் பட்டதை உலகத்தில் ஒருத்தியாவது தெரிந்துகொள்ளட்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

இரண்டு வருஷம் போயிற்று. போனில் கேட்கும்போதெல்லாம், "படிச்சேம்மா, சூப்பரா இருக்குது" என்பாள் மகள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அத்தனையும் படித்துவிட்டு வாயைத் திறக்கவில்லையே, அப்பன் ரத்தம் அப்படியே இருக்கிறது என்று பஞ்சவர்ணத்துக்கு மகள்மேல் கசப்பு ஏறியது. ஒரு மாதம் போனே பேசவில்லை.

போன ஞாயிறு வைஷாலி இருவரையும் விருந்துக்கு அழைத்திருந்தாள். கூடத்தில் கிருஷ்ணராஜும் மாப்பிள்ளை கவின்ராஜும். பஞ்சவர்ணம் சமையலறைக்குள் போனால், மகள் அந்தப் புத்தகத்தை விரித்து அதன்மேல் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன கண்ணு பண்றே?"

"கொழுக்கட்டை செய்யறேன். போனைக் காட்டுனா எல்லாம் கன்னடத்துல வந்துடுதும்மா." கொஞ்சம் தயங்கினாள். "எனக்குத் தமிழ் ஓதக்கே, படிக்க, எங்கேம்மா வரும்? ஸ்கூல்ல கன்னடந்தானே. நீ மனசு பேஜார் பண்ணிக்குவேன்னு சொல்லல."

பஞ்சவர்ணம் கொதித்த பாலின் தீயைக் குறைத்தாள். எல்லாவற்றையும் தானே படித்துப் படித்து ஊட்டினாளே தவிர, ஒருநாளாவது 'அ' எழுதிக் காட்டினாளா? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள் அவள். இதில் யாரை நோவது?

"அச்சு மட்டுந்தான் வருது. உன் பேனா எழுத்து வரமாட்டேங்குது. என்னம்மா எழுதியிருக்கே? ஓது."

கூடத்தில் கிருஷ்ணராஜ் மாப்பிள்ளைக்குத் தன் அம்மா வைத்த குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் அந்த வரிகளைப் பார்த்தாள். எழுதிப் பழகிய துக்கம் வாய்க்கு வரவில்லை.

"சர்க்கரை ஒரு கரண்டி கம்மியாப் போடணும்னு எழுதியிருக்கேன்."

வைஷாலி அப்படியே ஒரு கரண்டி குறைத்தாள். கிண்ணங்கள் கூடத்துக்குப் போயின. கவின்ராஜ் ஒரு வாய் வைத்தான்.

"ஸ்வீட்டே இல்ல. எங்கம்மா செய்வாங்க பாருங்க மாமா, கொழுக்கட்டைன்னா அது." இடக்கையால் கிண்ணத்தைத் தள்ளினான். சத்தம் போடவில்லை, முகமும் கோணவில்லை.

"அது சரிதான் மாப்ளே" என்று கிருஷ்ணராஜ் சிரித்தார்.

கதவருகில் நின்ற பஞ்சவர்ணம் மகள் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியமே இல்லை. வைஷாலி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், புத்தகத்தை இழுத்து, பால் கொழுக்கட்டைப் பக்கத்தில் அம்மாவின் வரிகளுக்குக் கீழே பென்சிலால் கன்னடத்தில் எழுத ஆரம்பித்தாள். பக்கத்தில் போய் நின்ற பஞ்சவர்ணத்துக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை.

"என்ன கண்ணு எழுதறே?"

"ஒண்ணுமில்லம்மா. அடுத்த வாட்டி சர்க்கரை ஜாஸ்தி போடணும்னு."

பஞ்சவர்ணம் எண்ணிப் பார்த்தாள். நாலு வரி இருந்தது.