பூக்க விடாத கொடி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கொடி இருந்தது. அதில் பூ இருக்காது. பூக்காத சாதிக் கொடியல்ல. அப்பா அதைப் பூக்க விடுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, வத்தேகம பஸ் போகும் வீதியிலிருந்து பள்ளத்தில் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அந்த ஒழுங்கையில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும்தான். அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன், வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் மூக்குக் கண்ணாடி இருப்பதைப்போல. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ குழப்பம் வந்து, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வந்தாராம். அம்மா எப்போதாவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா எழும்பிப் போய்விடுவார்.

அப்பா செடிகொடிக்கு ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றி அறியாதவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் முன்வீட்டு டீச்சரிடம் போய், கெதியாகப் படர்ந்து அடர்த்தியாக மூடக்கூடிய கொடி எது என்று சிங்களத்தில் கேட்டார். டீச்சர் தன் பின்வேலியில் நீலமாகப் பூத்துக் கிடந்த ஒன்றைக் காட்டினார்.

"இது பொல்லாதது. பார்க்காமல் விட்டால் கூரையையும் மூடிவிடும்" என்றார்.

"அதுதான் வேணும்" என்று சொல்லி, கணு உள்ள நாலைந்து தடிகளை வெட்டி வாங்கிக்கொண்டு வந்தார் அப்பா.

வாசலில் கம்பிவலை அடித்து, அதன் கீழ் தடிகளை நட்டார். அடுப்புச் சாம்பல், மாட்டெரு, மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குப் போயின. கந்தோரால் வந்ததும் உடுப்பு மாற்றாமலே கொடியடியில் குந்திவிடுவார். ஊசலாடும் நுனிகளைப் பிடித்து வலைக் கண்ணுக்குள் நுழைத்து, தும்புக் கயிற்றால் பதமாகக் கட்டுவார். என் தலையை ஒருநாளும் அவ்வளவு பதமாக வாரிவிட்டதில்லை. கண்டி மழைக்கும் மாட்டெருவுக்கும் கொடி எழும்பிய வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சொரசொரத்த அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் வலையை முழுதாக மூடின. வீதியில் நின்று பார்த்தால் எங்கள் விறாந்தை தெரியாது, சாமிப்படம் தெரியாது, கதிரையில் இருக்கும் ஆள் தெரியாது. பகலிலும் விறாந்தை குளம் மாதிரிப் பச்சையாக இருண்டிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அரும்பு வந்தது. இரண்டு பச்சை மூடிகளுக்குள் பொத்தி வைத்த அரும்புகள், சரம் சரமாக. நானும் அம்மாவும் அவை விரியக் காத்திருந்தோம். அப்பா ஒரு காலையில் முக்காலியைத் தூக்கிவந்து ஏறி நின்று, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டார். அன்று தொடங்கி அதுவே வழக்கமாயிற்று. சாமி கும்பிடுவார், அரும்பு வெட்டுவார், பஸ்ஸுக்கு ஓடுவார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பூக்கத்தானே கொடி வளர்க்கிறது? சாமிப்படத்துக்கு வைக்க ரெண்டு பூவை விட்டால் என்ன?"

"எங்களுக்கு இலை மட்டும் காணும்."

"ஏன், பூத்தால் என்ன?"

"சனம் நிண்டு பாக்கும்" என்றார் அப்பா.

சனம் நின்று பார்ப்பது நல்லதுதானே என்று நான் நினைத்தேன். அப்பாவுக்குப் பூ என்றாலே ஆகாது என்று முடிவு கட்டினேன். வெட்டி விழுந்த அரும்புகளைப் பொறுக்கி மூடியைப் பிரித்தால், உள்ளே நீலம் கசங்கிய துணிபோல மடிந்திருக்கும். கையால் விரித்தால் கிழியும்.

பெரியப்பாவுக்கு நோய் கடுமை என்று தந்தி வந்து அப்பா யாழ்ப்பாணம் போனார். போகும்போது, "மறக்காமல் அரும்பை வெட்டிவிடும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினார். வெட்டவில்லை.

ஒரு கிழமைக்குள் வேலி நீலமாயிற்று. சரங்கள் கீழே தொங்கின. ஒவ்வொரு பூவும் என் உள்ளங்கையளவு, தொண்டையில் இளமஞ்சள். கருவண்டுகள் காலையிலிருந்தே இரையும். கான்வென்ட் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். டீச்சர் போயா நாளில் விகாரைக்குக் கொண்டுபோகத் தட்டு நிறையப் பறித்தார். அம்மா தலை வாரி இழுத்து, பெரிய பொட்டு வைத்து, வாசலில் நின்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் எல்லோரோடும் கதைத்தார். அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பாண்காரர் தினமும் சைக்கிளில் பாண், பணிஸ் விற்க வருபவர். எனக்கு ஒரு சீனிப் பணிஸை எடுத்து நீட்டிவிட்டு, ஒரு பூவைக் கேட்டு வாங்கிச் சைக்கிள் விளக்கில் சொருகிக்கொண்டார்.

அப்பா திரும்பி வந்தது ஒரு பிற்பகல். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் கையால் பிய்த்தார். சரம் சரமாக, இலையோடு, நுனியோடு. பயணத்துச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"ஒரு கிழமை பூத்தால் என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார் அம்மா.

அப்பா திரும்பாமலே பேசினார். "பஸ் ஹோல்ட்டில ஒருத்தன் வழி கேக்கிறான். கடைக்காரன் சொல்லுறான், நீலப்பூ வீட்டுக்கு அங்கால எண்டு. எங்கட வீட்டை அடையாளம் சொல்லுறாங்கள். விளங்குதோ உமக்கு?"

ஒருவர் வீட்டை ஊர் அறிவது எவ்வளவு நல்ல காரியம், அதற்குப் போய் இவர் ஏன் நடுங்குகிறார் என்று எனக்கு இருந்தது. அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. அதன் பிறகு வாசலிலும் நிற்கவில்லை. கொடி பழையபடி வெறும் இலையாயிற்று.

அடுத்த ஆடியில் கலவரம் வந்தது. கண்டிப் பக்கம் புகை எழுவதைப் பார்த்துவிட்டு டீச்சரின் புருஷன் வந்து, எங்களைப் பின்வேலியால் சுற்றிக் கூட்டிப்போய்த் தன் வீட்டு விறகறைக்குள் இருத்தினார். பகல் சாப்பாட்டு நேரம். அம்மா உலையில் அரிசி போட்டிருந்தார்.

ஒழுங்கையில் சத்தம் கேட்டது. ஓடிவரும் சத்தமல்ல, நடந்து வரும் சத்தம். அவர்கள் எந்த வீட்டு வாசலிலும் தயங்கவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. எங்கள் வாசல் படலைக்கு நேரே வந்து நின்றார்கள்.

"இதுதான் கிளாக்கர் மஹத்தயாவின் வீடு" என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"அம்மா, பாண் மாமா வந்திருக்கிறார்" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். அவருடைய விரல்கள் என் பல்லில் அழுந்தின. இந்த நேரத்தில் அவர் பாண் கொண்டுவருவதில்லையே என்றுதான் நான் யோசித்தேன். அப்பா விறகுக் குவியலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கண்ணாடி உடைந்தது, ஏதோ பெரிதாக விழுந்தது, மண்ணெண்ணெய் மணத்தது.

கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தை அகதிமுகாம் ஆக்கியிருந்தார்கள். அங்கே சீமெந்துத் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்திருந்தபோது அம்மா ஒன்றே ஒன்று சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"பாண்காரனுக்குத் தெரியாத வீடே? அதைப் பூக்க விட்டிருக்கலாம்."

அதன்பிறகு வெகுகாலம் அவர்கள் இருவரும் பேசியது, "சோறு போடட்டோ", "கதவைச் சாத்தும்" என்ற அளவில்தான்.

கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம். சில மாதம் கழித்து, மாற்றல் அலுவலுக்கும் என் பள்ளிக்கூட அலுவலுக்கும் அப்பா மறுபடி கண்டிக்கு வர வேண்டியிருந்தது. என்னையும் கூட்டிவந்தார். வேலைகள் முடிந்தபின், ஏனோ, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினார்.

ஒழுங்கையில் திரும்பியதும் நான் ஓடினேன். வேலி முழுக்க நீலம். கிள்ள ஆளில்லாமல் கொடி தன் பாட்டில் பூத்துக் குலுங்கியது. வலையைத் தாண்டி மின்சாரக் கம்பத்திலும் ஏறியிருந்தது. வீதியால் பார்த்தால் உள்ளே வீடு எரிந்ததே தெரியாது. படலையைத் தள்ளிக்கொண்டு போனால் உட்பக்கத் தண்டுகள் கருகியிருந்தன. கூரையில்லாத சுவர்கள் நின்றன. நான் சுவரைப் பார்க்கவில்லை. சட்டையை ஏந்திப் பிடித்துப் பூப் பறித்தேன்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ, எவ்வளவு பூ."

அப்பா கொடியடியில் வந்து நின்றார். கை தானாகப் போய் ஓர் அரும்பைக் கிள்ளியது. உடனே கையை எடுத்துக்கொண்டார். கிள்ளியதை எங்கே போடுவது என்று தெரியாதவர்போல விரலிடுக்கில் வைத்தபடி நின்றார். டீச்சர் தன் வாசலுக்கு வந்து, எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

என் சட்டையிலிருந்த பூக்களை அப்பா வாங்கித் தன் கைக்குட்டையில் கட்டினார். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தார், ரயிலிலும் வைத்திருந்தார். அந்தப் பூ பறித்தால் நிற்காது. மாகோ சந்திக்கு வருமுன்பே கறுத்து நீர்விட்டு, அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் ஊறிவிட்டது. அவர் எறியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இறங்கி வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், "அம்மா, அப்பாவுக்கு இப்ப பூவெல்லாம் பிடிக்குது" என்று. நல்ல செய்தி கொண்டுவந்த சந்தோஷம் எனக்கு. அம்மா அப்பாவின் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார், காற்சட்டைக் கறையைப் பார்த்தார். இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்றும், அம்மா ஏன் அடுப்படிக்குள் போய் விளக்கு வைக்கும் நேரம்வரை வெளியே வரவில்லை என்றும் எனக்கு விளங்கவில்லை.