மாமாவுக்கு விழுந்த கூ

என் மாமாவைப் பார்த்து மைதானத்தில் கூ அடித்தவர்கள் கொம்பனித்தெருக்காரர் இல்லை. அவர்கள் அடித்திருந்தால் நியாயம். எதிரணிக்காரர், அடிக்கத்தான் வேண்டும். அடித்தவர்கள் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்காரர், ஒரே சந்துக்காரர். நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு அனுப்புகிற வீட்டுக்காரர், மாமா தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பாலர் வகுப்பில் விட்ட பையன்கள். அதிலே என் அப்பாவும் ஒருவர். இப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கிறேன். கீழ்மாடிப் பையன் இங்கிலாந்து அணி ஒன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினால் போதும், எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அந்தப் பையன் என்ன செய்வான். ஆனாலும் வருகிறது.

எங்கள் ஒழுங்கை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மதத்தாலோ கட்சியாலோ இல்லை. அப்படிப் பிரிந்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். இங்கிலாந்திலே ஒரே ஊரில் இருக்கிற இரண்டு உதைபந்தாட்ட அணிகளால் பிரிந்து கிடந்தது. ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை, மற்றதற்கு நீலம். பெயர்களை நான் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கு இங்கே கிடைக்கிற இலவச விளம்பரம் போதும். அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒழுங்கையில் பாதிப்பேர் முழிப்பார்கள். ஆனால் அந்த ஊர்க்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் இங்கே இவர்களுக்குச் சோறு இறங்காது. சிவப்பு வீடுகள் கூடுதல், நீல வீடுகள் குறைவு. குறைவாக இருந்தபடியால் நீலக்காரருக்கு ரோஷம் அதிகம். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு அப்பா நீலப் பெயின்ட் அடித்திருந்தார். நீல அணி தோற்ற நாளில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கக் கூடாது. அம்மா மட்டும் குசினிக்குள் நின்று, "செத்த வீடு மாதிரி இருக்கு" என்று முணுமுணுப்பார்.

இதற்கு நடுவிலே எங்களுக்கென்று சொந்தமாக ஒரு கழகம் இருந்தது என்பதை ஒழுங்கை மறந்தே போயிருந்தது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் சேர்ந்து தொடங்கிய கழகம். வெள்ளைச் சட்டை, தோய்த்துத் தோய்த்துப் பழுப்பாகிப் போன வெள்ளை. அம்மாவின் தம்பி, என் மாமா, அதற்குக் கப்டன். கப்பலில் கொள்கலன்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டே பயிற்சிக்குப் போவார். பின்களத்தில் நின்று விளையாடுவார். கோல் அடிக்கிறவனைத்தான் உலகம் கவனிக்கும், கோல் விழாமல் தடுக்கிறவனை யார் கவனிக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் பார்க்க நிற்பது நானும் அம்மாவும், இரண்டு மூன்று விளையாட்டுக்காரரின் மனைவிமார், ஓர் அச்சாறுக்காரர். வியாபாரம் இல்லை என்று அந்த அச்சாறுக்காரரும் பாதி ஆட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் கழகம் புள்ளிப் பட்டியலின் அடியில் போய் நின்றது. கடைசி ஆட்டம் கொம்பனித்தெரு அணியோடு. சமநிலை வந்தாலே போதும், பிரிவில் தங்கிவிடலாம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். இறங்கினால் கழகமே இல்லை, ஏனென்றால் நன்றாக ஆடுகிற இளம் பையன்களை வேறு கழகங்கள் ஏற்கெனவே கூப்பிட்டு வைத்திருந்தன. மாமாவுக்கு அது ஒன்றுதான் கவலை. இரவும் பகலும் அதே கதை. ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் இருந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"பொடியன்கள் சனத்தைக் கண்டா ஓடுவான்கள் அக்கா. சனமில்லாத கிரவுண்டில எப்பிடி ஓடுறது? சிவப்புப் போட்டா சனம் வரும்."

அவருடைய கணக்கு அதுதான். பழைய வெள்ளை கிழிந்துவிட்டது, எப்படியும் புதிது வாங்கவேண்டும். ஒழுங்கையில் சிவப்பு வீடுகள்தான் கூடுதல். கழகம் சிவப்பைப் போட்டால் அந்த வீடுகளெல்லாம் மைதானத்துக்கு வரும். மாமாவுக்குச் சிவப்பும் ஒன்று, நீலமும் ஒன்று. அவருக்கு டிவி பார்க்க நேரம் எங்கே இருந்தது? புறக்கோட்டைக்குப் போய்ச் சிவப்பு ஜேர்சி வாங்கிவந்தார்கள். பெரிய அணியின் சட்டையைப் பார்த்து அச்சடித்த மலிவுச் சாமான். நெஞ்சிலே இருந்த சின்னத்தின் மேல் எங்கள் கழகத்தின் பெயரைத் துணியில் எழுதி அம்மாதான் தைத்துக் கொடுத்தார்.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சட்டையை ஒழுங்கை முனையிலுள்ள அந்தோனியார் சுரூபக் கூட்டுக்கு முன்னால் அடுக்கிவைத்து, ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்த பிறகுதான் போடுவார்கள். ஆசீர்வதித்த சட்டையை அந்தப் பருவம் முடியும்வரை மாற்றக் கூடாது. மாற்றினால் யாருக்காவது கால் முறியும் என்று நம்பிக்கை. அந்தச் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு ஒழுங்கையே கூடி நின்றது. மாமா பார்சலைப் பிரித்ததும் சிவப்பு வீட்டுக்காரர் கைதட்டினார்கள். நீல வீட்டுக்காரர் ஒருவர் பின் ஒருவராகச் சிலுவை போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அந்தோனியாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அப்பா மாமாவை வாசலிலேயே மறித்தார்.

"உனக்கு வேற கலரே கிடைக்கேல்லையா மச்சான்?"

"ஆசீர்வாதம் குடுத்தாச்சு அத்தான். இனி மாத்தேலாது."

"அப்ப எங்களைக் கை தட்டச் சொல்லிக் கேக்காத."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "நீங்களும் அந்தக் கிளப்புக்குக் கோலுக்கு நிண்ட ஆள்தானே. வெக்கமில்லையா?" என்று கேட்டார். அது உண்மை. முழங்கால் பழுதாகும்வரைக்கும் அப்பாதான் கழகத்தின் கோல் கீப்பர். அவருக்கு முன்னால் பின்களத்தில் நின்று விளையாடியவர் மாமா. அந்தப் பழக்கத்தில் மாமாவின் வீட்டுக்கு வந்து போய்த்தான் அம்மாவைக் கண்டு கலியாணம் செய்தார். அப்பா டிவியைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. சனம் என்றால் அப்படிச் சனம். மாமாவின் கணக்குப் பிழைக்கவில்லை, சிவப்பு வீடுகள் குஞ்சு குருமானோடு வந்திருந்தன. அச்சாறுக்காரருக்குக் கை ஓயவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். கொம்பனித்தெரு அணிக்குச் சட்டை நீலம். அந்தப் பக்கத்து மூலையில், கோலுக்குக் கிட்ட, எங்கள் ஒழுங்கையின் நீல வீட்டுக்காரர் முழுப்பேரும் நீலச் சட்டையோடு நின்றார்கள். மாமாவின் காலில் பந்து பட்டபோதெல்லாம் அங்கிருந்து ஒரு கூ எழும்பியது. கொம்பனித்தெருக்காரரே அவ்வளவு உரத்துக் கத்தவில்லை.

பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. "போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினார். நான் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். அப்பாவுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வயசான கொம்பனித்தெருக்காரர் நின்று, தன் கடலைப் பையை அவருக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் சந்தோஷம் தம்பி, எங்கட பொடியன்களுக்கு இப்பிடி சத்தம் போடுறீங்க. எந்தப் பக்கம்?"

"கொட்டாஞ்சேனை."

அவர் கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அப்ப ஒங்கட டீம் அந்தா நிக்கிறதுதானே?"

"எங்கட ஆக்கள்தான். சட்டைதான் சரியில்ல" என்றார் அப்பா.

அந்த மனுஷர் அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. யாரோ ஒரு வேற்றுத் தெருக்காரருக்கு விளங்குகிற நியாயம் என் அப்பாவுக்கு விளங்கவில்லையே. "அம்மா வரச் சொன்னா" என்றேன். "ஆட்டம் முடியட்டும் மகள்" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். சொல்ல நிறைய இருந்தது, பத்து வயதில் அதற்குச் சொற்கள்தான் இல்லை. இப்போது சொற்கள் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள். எங்கள் அணி காக்கவேண்டிய கோல் இப்போது நீல வீட்டுக்காரர் நின்ற மூலைக்கு வந்துவிட்டது. மாமா விட்டுக்கொடுக்கவில்லை. நெஞ்சால் மறித்தார், விழுந்து மறித்தார், ஒரு தடவை கோல் கோட்டிலேயே நின்று தலையால் அடித்து வெளியே அனுப்பினார். அதற்கும் கூ. மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் கழகம் பிழைத்துவிடும். அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது உயரமாக ஒரு பந்து மாமாவை நோக்கி வந்தது. சும்மா ஒரு பந்து. மாமா எட்டி ஓர் உதை விட்டால் றோட்டில் போய் விழும். அவர் காலைத் தூக்கிவிட்டார்.

"விடு!"

கோலுக்குப் பின்னால் இருந்து வந்தது அந்தச் சத்தம். கோல் கீப்பர் "விடு" என்று கத்தினால் பின்களத்தில் நிற்கிறவர் பந்தைத் தொடக் கூடாது. நான் பிடிக்கிறேன், நீ விலகு என்று அர்த்தம். யோசிக்க நேரமில்லை, காது கேட்டால் கால் நிற்கவேண்டும். மாமாவின் கால் நின்றது. ஆனால் கத்தியது எங்கள் கோல் கீப்பர் இல்லை. அவன் புதுப் பையன், பயத்தில் கோட்டை விட்டு அசையாமல் நின்றான். கத்தியது அப்பா. பந்து மாமாவைத் தாண்டிக் குத்தி எழும்பியது. பின்னால் ஓடிவந்த கொம்பனித்தெருப் பையன் அதை மெதுவாக உள்ளே தட்டிவிட்டான்.

அவ்வளவுதான். கழகம் இறங்கியது, பையன்கள் பிரிந்து போனார்கள், மாமா அதற்குப் பிறகு சப்பாத்துக் கட்டவில்லை. ஒழுங்கைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. சிவப்பு வீட்டுக்காரர் அப்பாவைத் துரோகி என்றார்கள். அதுவும் கழகம் போனதற்காக இல்லை, சிவப்பைத் தோற்கடித்ததற்காக. நீல வீட்டுக்காரர், மச்சானையே ஏமாற்றிய மூளைக்காரன் என்று அங்கேயே அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அப்பா அவர்களுடைய கையைத் தட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து போனார். வரும் வழியில் இரண்டு கூட்டமும் அந்த இரவு டிவியில் வரப்போகிற ஆட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்ததை நான் என் காதால் கேட்டேன். சொந்தக் கழகம் செத்து அரைமணித்தியாலம் ஆகவில்லை. இவர்களை என்னவென்று சொல்வது?

ஆட்டம் முடிந்தால் மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அன்றைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். விளக்கு வைத்த கையோடு வந்தார், குளித்துத் தலை வாரி. அம்மா அப்பாவுக்கு முன்னால் தட்டை டொக்கென்று வைத்தார். சோறு மட்டும் போட்டு, மீனை மாமாவின் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. மாமா பாதிச் சோறு சாப்பிட்ட பிறகு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"நீங்க பழையபடி விடு எண்டு கத்தினது சரியான நேரம்தான் அத்தான். நீங்க உள்ளுக்க நிண்டிருந்தா பிடிச்சிருப்பீங்க."

அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். கண் கலங்கி வழிந்தது, துடைக்கவும் இல்லை. நல்லா வேணும் என்று நான் நினைத்தேன். மாமாவுக்கு இவ்வளவு கூர்மையாகக் குத்திக்காட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியாது, அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அம்மா ஏன் எழுந்து வந்து, சட்டியில் மிஞ்சியிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.